வால்வு மூடியில் ஒரு ரேகை

இடப்பள்ளி மாலில் லிஃப்ட் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தவரின் துணியிலிருந்து பாலிஷ் வாசனை வந்ததும், மட்டாஞ்சேரியில் மிளகு மூட்டை ஏற்றும் எங்கள் லாரியின் பானெட்டைத் திறந்துவைத்து, என்ஜினின் வால்வு மூடியைப் பழைய கைலித் துணியால் முகம் தெரியும்வரை தேய்க்கும் அத்தா நினைவுக்கு வந்தார். அழகுக்காக என்றுதான் தெருவே நினைத்தது. அவருக்கோ, எவனாவது பாகத்தைக் கழற்றி மாற்றினால் பளபளப்பில் விரல் ரேகை விழும் என்ற கணக்கு.

ஒருநாள் தேய்த்து முடித்து, சாயா குடித்துவிட்டு வந்து பார்த்தபோது ரேகை இருந்தது.

டயர் கழுவிக்கொண்டிருந்த கிளீனர் சந்திரன் சேட்டன், "சத்தியமா ஞான் தொட்டில்ல, முதலாளி" என்றார்.

"பின்ன யாருடா தொட்டது?"

அன்றே அவரை அனுப்பிவிட்டார். அந்த ரேகை எவ்வளவு சின்னது என்று அத்தா கவனிக்கவே இல்லை. பம்பரில் ஏறி முகம் பார்த்தவள் நான்தான் என்று, அவர் சாகும்வரை நான் சொல்லவும் இல்லை.

லிஃப்ட் பொத்தானை முழங்கையால் அழுத்தினேன்.