ஜே வரிசை, பதினைந்தாம் இருக்கை

இதைக் கதை என்று சொன்னால் ஹிலரிக்குக் கோபம் வரும். நடந்தது. 1974 நவம்பர் 14, வியாழக்கிழமை, ஆல்டர்ஷா நகர மண்டபத்தில் நடந்தது. நானும் அவளும் அந்த ஊர் நூலகத்தில் பதினோரு வருடம் ஒரே மேசையில் வேலை பார்த்தவர்கள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்துவிடும். இதைச் சொன்ன அன்று காது சிவக்கவில்லை. முகம்தான் வெளுத்துப் போயிருந்தது.

அப்போது அவளுக்கு வயது பதினெட்டு. மால்கம் என்று ஒருவனைக் காதலித்தாள். பட்டறையில் லேத் ஓட்டுகிறவன், பழைய மோட்டார் சைக்கிள், தோள்வரை முடி. நல்லவன்தான். ஆனால் எதற்கும் நேரத்துக்கு வரமாட்டான். ஆறு மணிக்கு வரச்சொன்னால் ஏழுக்கு வந்து பல்லைக் காட்டுவான். அவளும் உருகிப் போவாள்.

இருவருக்கும் ஒரே பைத்தியம். லேம்ப்லைட் பார்லிமென்ட் என்றொரு ராக் குழு. அந்தக் காலத்துக் குழுக்கள் பெயரை அப்படித்தான் வைக்கும். ஒரு பாட்டு இருபத்து மூன்று நிமிடம் ஓடும். அதற்குள் ஆறு பாட்டு இருக்கும், நடுவில் புல்லாங்குழல் வரும், ஓர் அரசன் சாவான். யாரும் எழுந்து ஆடக் கூடாது. கோயிலில் உட்கார்ந்த மாதிரி இருட்டில் அசையாமல் உட்கார்ந்து கேட்க வேண்டும். பக்கத்தில் இருப்பவனிடம் வாய் திறந்தால் பின்வரிசை 'ஷ்ஷ்' என்று அடக்கிவிடும்.

அந்தக் குழு அவர்கள் ஊருக்கே வந்தது. மால்கம் விடியற்காலையில் வரிசையில் நின்று ஜே வரிசையில் இரண்டு டிக்கெட் வாங்கினான். தொலைத்துவிடுவான் என்று இரண்டையும் ஹிலரியே வைத்துக்கொண்டாள். முந்தைய ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்கு ஒரு மணி நேரம் காக்க வைத்திருந்தான். அன்று நடுத்தெருவில் சண்டை.

"வியாழக்கிழமை லேட்டா வந்த, உன் சீட்ட ரோட்டுல போறவனுக்குக் குடுத்துருவேன். சத்தியமா."

"குடேன் பாப்போம்!" என்று சிரித்தான்.

வியாழன் மாலை மழை. ஆறரைக்கே போய் மண்டபத்து வாசலில் நின்றாள். ஏழு... ஏழேகால்... கூட்டம் முழுக்க உள்ளே போய்விட்டது. ஏழு இருபத்தைந்துக்கு மணி அடித்தார்கள். வாசலில் அவளும், டிக்கெட் கிடைக்காத ஒரு தாடிக்காரரும்தான் மிச்சம். முப்பது வயது இருக்கும். பழைய ராணுவ ஓவர்கோட் போட்டிருந்தார்.

"ஒரு டிக்கெட் இருக்கு. வேணுமா?"

"என்ன கண்ணு, நெசமாவா? எவ்வளவு?"

"ஒண்ணும் வேணாம். சும்மா எடுத்துக்குங்க."

அவள் உட்கார்ந்தது பதினான்காம் இருக்கை. தாடிக்காரர் பதினைந்து, நடைபாதை ஓரம். ஏழு முப்பத்தெட்டுக்கு விளக்கு அணைந்தது. அந்த நாளில் அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. விளக்கு அணைந்து குழு மேடைக்கு வரும் வரையில், இருட்டில் எவனாவது "வால்லீ...!" என்று கூப்பிடுவான். ஏதோ ஒரு திருவிழாக் கூட்டத்தில் எவனோ வால்லி என்ற நண்பனைத் தொலைத்துவிட்டு இரவெல்லாம் கத்தினானாம். அதிலிருந்து எந்த மண்டபத்திலும் ஒருவன் கூப்பிட, ஆயிரம் பேர் திருப்பிக் கூப்பிடுவார்கள். வெறும் கேலி.

அன்றும் கூப்பிட்டார்கள். சிரிப்பு அடங்கியது. ஹிலரிக்கு அடிவயிற்றிலிருந்து ஆத்திரம் பொங்கியது. தொண்டை கிழியக் கத்தினாள்.

"மால்கம்...!"

யாரோ மாடியில் சிரித்தார்கள். ஒருவன் "மால்கம்!" என்றான். அப்புறம் பத்துப் பேர். அப்புறம் மண்டபமே. ஆயிரத்துக்கு மேல் குரல்கள், இருட்டில், ஒரே பெயர்.

"மால்கம்...! மால்கம்...!"

பின்கதவு 'டப்'பென்று திறந்தது. பிடரியில் குளிர்காற்று பட்டது. உடனே மேடையில் முதல் சுரம் எழுந்தது.

எட்டு ஐந்து இருக்கும். தாடிக்காரர் குனிந்து காதருகே பேசினார்.

"கண்ணு... கதவுகிட்ட ஒரு பையன் நிக்கிறான். ஒன்னயேதான் பாக்குறான்."

ஹிலரிக்கு நெஞ்சு துள்ளியது. வந்துவிட்டான்! டிக்கெட் இல்லாமல் வாசல்காரன் எப்படி விட்டான் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் வீம்பு விடவில்லை.

"நிக்கட்டும்," என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

எட்டு இருபது. பக்கத்து இருக்கை கிரீச்சென்றது. தாடிக்காரர் எழுந்து போவது ஓரக்கண்ணில் தெரிந்தது. கழிப்பறைக்குப் போகிறார் என்று நினைத்தாள். இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் கிரீச்... ஆள் உட்கார்ந்தாகிவிட்டது. அறிமுகமில்லாத ஆம்பளை. முகத்தைத் திருப்பி என்ன பார்ப்பது? மேடையையே பார்த்தாள்.

அப்புறம்தான் அந்த வாசம். மழை வாசம். பெட்ரோல் வாசம். உள்ளே வரும்போது அந்த ஓவர்கோட் காய்ந்துதானே இருந்தது...

சொட்... சொட்...

மரத்தரையில் ஏதோ சொட்டியது. இடது பக்கம் முழுக்கச் சில்லென்று ஆனது. கதவு திறந்திருக்கிறது போல என்று கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

ஒன்பது பத்து. அரசன் சாகும் இடம். ஒற்றைப் புல்லாங்குழல். மண்டபத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

பக்கத்திலிருந்தும் மூச்சுச் சத்தம் இல்லை.

கைப்பிடியில் இருந்த அவள் கைமேல்... ஒரு கை வந்து உட்கார்ந்தது.

ஈரக்கை. எலும்புவரை குளிர்ந்தது.

மெதுவாக மூடிக்கொண்டது.

சும்மா டிக்கெட் கொடுத்தால் இப்படித்தான் நினைப்பான்கள்! உடம்பு கூசியது. திரும்பாமலே பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"கைய எடு."

"ஷ்ஷ்..." என்றது பின்வரிசை.

கை ஒரு கணம் அப்படியே இருந்தது.

பிறகு எடுத்துக்கொண்டது.

ஒன்பது நாற்பதுக்கு விளக்கு போட்டார்கள். பக்கத்து இருக்கை காலி. சிவப்பு வெல்வெட் கறுத்து, தொப்பலாக நனைந்திருந்தது. பீரைக் கொட்டிவிட்டான் போல, சனியன்... ஹிலரி கதவுக்கு ஓடினாள். மால்கம் இல்லை. வாசலில் இல்லை. தெருவிலும் இல்லை. பத்து மணிவரை மழையில் நின்றாள். போயும் போயும் இவனுக்காக அழுகிறோமே என்று அழுதாள்.

வீட்டு வாசலில் மால்கமின் அப்பா நின்றிருந்தார். தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"நீ நல்லாருக்கியாம்மா? நீயும் வண்டியில இருந்தியோன்னு..."

"என்ன ஆச்சு? மால்கம் எங்க?"

ஹைட் சாலைத் திருப்பத்தில் லாரி. மணி ஆறு ஐம்பது. அங்கேயே உயிர் போய்விட்டது. அன்று பட்டறையில் மேஸ்திரியிடம் கெஞ்சி அரை மணி முன்னதாகவே கிளம்பியிருக்கிறான். அவள் ஏழேகாலுக்கு வாசலில் நின்று திட்டிக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியில் போர்வையை முகம்வரை இழுத்துவிட்டிருந்தார்கள்.

அப்படியானால் கதவருகே நின்றது யார்? தாடிக்காரர் வேறு எவனையோ பார்த்திருப்பார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பகலில் அது போதுமானதாக இருந்தது. சில ராத்திரிகளில் போதவில்லை. ஒருமுறை திரும்பிப் பார்த்திருக்கலாமே... ஒரே ஒருமுறை. அந்த வீம்பு அவளைக் கொன்று தின்றது. பிற்பாடு ஒரு பிளம்பரைக் கல்யாணம் செய்துகொண்டாள். நல்ல மனிதர். ஒரு மகளும் பிறந்தாள். அந்த இசைத்தட்டை மட்டும் அவள் மறுபடி போட்டதே இல்லை. கைமேல் கை வைத்த தாடிக்காரனைப் பற்றி யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

2019 மார்ச்சில் அவள் மகள் இணையத்தில் ஒரு பக்கத்தைக் கண்டுபிடித்தாள். எழுபதுகளில் அந்தக் குழுவை நேரில் பார்த்த ரசிகர்கள் தங்கள் ஞாபகங்களை எழுதும் பக்கம். நரைத்த கிழங்களின் குதூகலம். டிரம் அடியின்போது தூங்கிப்போனவர், மேடைப் புகையில் ஷூவைத் தொலைத்தவர், அப்பாவிடம் டியூஷன் என்று சொல்லிவிட்டு வந்தவர். ஹிலரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பல வருடம் கழித்து அந்தக் குழுவின் பெயரைப் பார்த்துச் சிரித்தாள். ஆல்டர்ஷா, 1974 என்ற தலைப்புக்கு வந்தாள். கீழே லெனார்ட் ஆஸ்கியூ என்பவர் எழுதியிருந்தார்.

"வாசல்ல ஒரு பொண்ணு எனக்கு டிக்கெட்ட சும்மா குடுத்துச்சு. ஜே பதினஞ்சு. அதோட ஆளு வரல போல. ஆனா லேட்டா வந்துட்டான், பாவம், கதவுகிட்டயே நின்னான். தொப்பலா நனைஞ்சிருந்தான். எனக்கு மனசு கேக்கல. எந்திரிச்சுப் போயி, 'இந்தா தம்பி, இது ஒன் சீட்டு, போயி உக்காரு'ன்னேன். 'எப்படிடா உள்ள விட்டாங்க'ன்னு கேட்டேன். 'எல்லாருமாக் கூப்ட்டாங்களே'ன்னான். வேற பேசல."

ஹிலரி மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"மிச்சத்த நான் பின்னால நின்னே கேட்டேன். ரயிலுக்கு நேரமாச்சுன்னு ஒம்பது பத்துக்குக் கிளம்பிட்டேன். போற வழியில திரும்பிப் பாத்தேன். புல்லாங்குழல் வாசிக்கிறாங்க, அந்தப் பையன் பொண்ணு கையப் புடிச்சிக்கிட்டு இருக்கான். பாட்டெல்லாம் மறந்துபோச்சு, அது மட்டும் மறக்கல. அந்தப் பொண்ணு இதப் படிச்சா ஒண்ணு சொல்லும்மா. ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டீங்களா?"

மறுநாள் நூலகத்தில் ஹிலரி என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தக் கையைப் பற்றியும் முதல் தடவையாகச் சொன்னாள். நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று விலக்கிக்கொண்டாள். வெகுநேரம் அழுதாள். பிறகு கேட்டாள்.

"நான் சொன்ன எதையும் அவன் என்னிக்குமே கேட்டதில்ல. அன்னிக்கு 'கைய எடு'ன்னத மட்டும் ஏன் கேட்டான்?"