சங்கரா முள்ளும் பலாக்கொட்டைப் பையும்

காலை ஆறரை மணி, தேவனாம்பட்டினம். படகிலிருந்து இறங்கிய சங்கரா மீன் ஒரு கிலோ வாங்கினோம். என் மனைவி மேகலா, தானே செய்த பையை நீட்டினாள். பலாக்கொட்டை மாவைக் காய்ச்சி, தகடாகக் காயவைத்து, உள்பக்கம் தேன்மெழுகு பூசிய பை. நான்கு வருடமாக மேல்பட்டாம்பாக்கத்தில் எங்கள் அடுப்பில் சோறு வெந்ததைவிட அந்த மாவு வெந்ததுதான் அதிகம். சிதம்பரத்தில் மீன்கடை வைத்திருக்கும் ஸ்டெல்லா அக்கா ஒரே நிபந்தனை போட்டிருந்தார். ஈர மீனோடு பஸ்ஸில் ஒழுகாமல் வந்து சேர்ந்தால், அவர் கடையில் இனி இந்தப் பைதான்.

"முள்ளு கம்மியான மீனா வாங்கியிருக்கலாம்ல?" என்றேன்.

"சங்கரா முள்ளத் தாங்கணும். அப்பதாங்க அது பை."

பிடிவாதக்காரி.

ஏழேகாலுக்குக் கடலூர் பேருந்து நிலையத்தில் ஏறினோம். சிதம்பரம் சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். மேகலா மடியிலிருந்த பையைக் கண்டக்டர் முறைத்தார்.

"மீனாம்மா? ஒரு சொட்டு கீழ உழுந்தாலும் எறக்கி உட்டுடுவேன்."

"உழாதுண்ணா," என்றாள். நான் குனிந்து பையின் அடியைப் பார்த்துக்கொண்டேன்.

புதுச்சத்திரத்து வேகத்தடையில் பஸ் தூக்கிப் போட்டதில், ஒரு துடுப்பு முள் பையை உள்ளிருந்து முட்டிக்கொண்டு நின்றது. சட்டைப்பையில் மேகலாவுக்குத் தெரியாமல் மடித்து வைத்திருந்த பாலிதீன் கவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ஆனால் பை கிழியவில்லை. வெள்ளாற்றுப் பாலம் வந்தபோது கண்டக்டரே குனிந்து தரையைத் தடவினார்.

"காஞ்சி கெடக்கே. எந்தக் கடையிலம்மா வாங்குன?"

"எங்க வீட்டுல செஞ்சதுண்ணா."

எட்டேமுக்காலுக்குச் சிதம்பரம். ஸ்டெல்லா அக்கா பையைத் தூக்கி, அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "பரவால்லியே மேகலா. திங்கக்கெழம நூறு பை குடுத்துடு."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. வியர்வை துடைக்கக் கைக்குட்டையை உருவினேன். கூடவே கவரும் விழுந்தது.

"ஏங்க, இது எதுக்கு?"

அதையும் காலியான தன் பையையும் அவள் மடித்து எடுத்துக்கொண்டாள்.

வீடு திரும்பியதும் இரண்டையும் எருக்குழியில் ஒன்றாகப் புதைத்தாள். மூன்று மாதம் கழித்து மண்வெட்டியை என்னிடம் கொடுத்தாள். தோண்டினேன். அவள் பை இருந்த இடத்தில் மண்புழுக்கள்தான் இருந்தன. என் கவர் போட்டது போட்டபடி வந்தது, கடைப்பெயர்கூட அழியவில்லை.

அதைக் கழுவி அடுப்படி ஆணியில் மாட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் காட்டுகிறேன். "எம் பொண்டாட்டிய நம்பாம நான் எடுத்துட்டுப் போனது இதுதாங்க."