வில்லிக்குக் கத்தரி போடுகிறவர்

எடிட்டருக்கு வருடக்கணக்காக ஒரே சீரியல், ஒரே வில்லி. குடும்பத்தைக் கெடுக்க வந்த மூத்த மருமகள். அந்த வேடம் போடும் அம்மாள் நல்ல நடிகை. அழுதால் நமக்கே தொண்டையை அடைக்கும். அதனாலேயே அவளை அவர் அழ விடுவதில்லை. அவள் தன் பக்கத்துக் காரணத்தைச் சொல்ல வாயைத் திறக்கும்போதே வெட்டி, இளைய மருமகளின் கலங்கிய கண்ணுக்குத் தாவிவிடுவார். மிச்சத்தை இசை பார்த்துக்கொள்ளும். பார்க்கிறவர்கள் அவளைக் கரித்துக்கொட்டினால் அதில் பாதிப் புண்ணியம் இவருக்குத்தான்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு நாள் கோட்டை விட்டார். இயக்குநர் 'கட்' சொன்ன பிறகும் கேமரா ஓடியிருக்கிறது. நடிகை அப்படியே தரையில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொள்கிறாள். கதையிலேயே இல்லாத அந்தத் துண்டைத் தூக்கக் கலக்கத்தில் வெட்டாமல் விட்டுவிட, அது ஒளிபரப்பாகிவிட்டது. 'பாவம், அவளுக்கும் வயசாகுதில்ல' என்று ஆளாளுக்கு எழுதித் தள்ளினார்கள். மறுநாள் தயாரிப்பாளர் அவரைக் காய்ச்சி எடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தூங்கித் தொலைக்கச் சொன்னார்.

வீட்டிலும் நிம்மதி என்ன வாழ்ந்தது? அண்ணன் குடும்பமும் அவர் குடும்பமும் ஒரே கூரையின் கீழ். படுத்த படுக்கையாக அம்மா. வேலை முடிந்து வந்ததும் மனைவி அன்றைய அண்ணி புராணத்தைத் தொடங்குவாள். அண்ணி கதவை அறைந்து சாத்தினாள், அம்மாவிடம் சிடுசிடுத்தாள். மனைவி பொய் சொல்கிறவள் இல்லை. கேட்டுக் கேட்டு அவர் அண்ணியிடம் பேச்சைக் குறைத்து, கடைசியில் நிறுத்தியேவிட்டார். தனிக்குடித்தனத்துக்கு வீடும் பார்த்தாகிவிட்டது. இன்று சாயங்காலம் அண்ணனிடம் சொல்லிவிடுவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

நடுப்பகலில் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி அலுவலகத்தில் இருந்தாள். சமையலறையில் அண்ணி தன் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"என் வீட்டுக்காரர்கூடப் பரவாயில்லடி. இந்தக் கொழுந்தன் இருக்கானே, சரியான கல்லுளிமங்கன். நான் எடுத்து வெச்சதைத் தின்னுட்டு, தட்டை நகத்திட்டுப் போயிடுவான். அவன் அம்மாவைத்தானே நாள்பூரா புரட்டிப் போடுறேன்? ஒரு நாள் எட்டிப் பாத்திருப்பானா? வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும்."

எடிட்டருக்குச் சுரீரென்றது. இதில் எங்கே பொய் என்று தேடினார். ஒன்றுகூட அகப்படவில்லை. அவருடைய களைப்பு மட்டும் அதில் இல்லை. அதை அவர் யாரிடமும் சொன்னதுமில்லை. கோபமும் வெட்கமும் சேர்ந்து வந்தன. அண்ணி திரும்பிப் பார்த்துவிட்டு, பதறாமல் போனை வைத்தாள்.

உள்ளே அம்மா முனகினாள். அண்ணி போக, அவரும் பின்னால் போனார். இருவருமாக அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். அம்மா இத்தனை கனம் கனப்பாள் என்று அவர் நினைக்கவே இல்லை.

அண்ணி போர்வையை இழுத்துவிட்டபடி சொன்னாள்: "வீடு பாத்தாச்சுன்னு தெரியும் தம்பி. போறதுக்கு நாலு நாள் முன்னாடியே சொல்லிடுங்க. காலையில ஒரு பக்கம் உங்க வீட்டுக்காரிதான் புடிக்கிறா. ஒத்தையாத் தூக்கிப் பழகணும்."

மனைவி இதை அவரிடம் சொன்னதே இல்லை.

சாயங்காலம் அண்ணன் வந்தார், பக்கத்தில் உட்கார்ந்தார், வேலை எப்படிப் போகிறது என்று விசாரித்தார். எடிட்டர் தனிக்குடித்தனப் பேச்சையே எடுக்கவில்லை. வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாளை அலுவலகத்தில் அவள் தோழியிடம் சொல்லப்போகும் கதையில் வில்லன் யார் என்று எடிட்டருக்குத் தெரியும்.