மனூஷ் என்ற சொல்லுக்கு ஆதாரம்

வலக்கை அடித்ததும் இடக்கை அடக்கிவிடும் கிட்டார் தந்திகளின் 'உம்-சக், உம்-சக்' என்ற சத்தம், வெங்காயம் வதங்கும் மணத்தோடு சேர்ந்தே எனக்கு நினைவிருக்கிறது. பாரிஸில், ரூ லூயி-பிளாங்க் என்ற வீதிக்குப் பின்தெருவில் இருந்த சிறிய கஃபே ஒன்றில் அப்பா சமையல் வேலை பார்த்தார். புதன்கிழமைகளில் பள்ளி அரை நாள்தான் என்பதால், பிற்பகல் முழுவதும் அங்கே கடைசி மேசையில் என் கொப்பிகள் விரிந்திருக்கும். அதே நேரத்தில் ழோ என்ற கிட்டார்காரரும் அவருடைய மச்சானும் ஒத்திகைக்கு வருவார்கள். இலங்கையில், எங்கள் ஊரில், போர் முடிந்த மறு வருடம் அது. எங்கள் வீட்டில் யாரும் பாட்டுப் போடுவதில்லை. பன்னிரண்டு வயதில் எனக்கு வாய்த்த இசை அந்த இரண்டு கிட்டார்கள்தான்.

'ஜாஸ் மனூஷ்' என்பது அந்த இசையின் பெயர். வண்டிகளையே வீடாகக் கொண்டு ஊர் ஊராய்ப் போன மனூஷ் மக்கள், பாரிஸ் நகர வாயில்களுக்கு வெளியே தங்கியிருந்த காலத்தில் உருவாக்கியது. முதலில் அவர்கள் நடனக் கூடங்களில் அக்கோர்டியன்காரர்களுக்குப் பின்னால் இருந்து வாசித்தார்கள். அமெரிக்காவிலிருந்து ஜாஸ் இசைத்தட்டுகள் வந்தபோது அதைக் காதால் கேட்டே பிடித்துக்கொண்டு, ட்ரம்பெட்டும் ட்ரம்மும் இல்லாமல் கிட்டாரிலும் வயலினிலுமே வாசித்துக் காட்டினார்கள். மேளத்தின் வேலையையும் ஒரு கிட்டாரே செய்யும். அந்த அடிக்குப் 'பொம்ப்' என்று பெயர். தண்ணீர் இறைக்கும் பம்புக்கும் பிரெஞ்சில் அதே சொல்தான். முதல்நாள் எட்டிப் பார்த்த அப்பா, "தவில் இல்லாத மேளக்கச்சேரியோ?" என்று கேட்டார். ஒரு மாதத்துக்குள் அவருடைய கத்தி அந்தப் பம்புக்கு ஏற்றபடிதான் வெங்காயம் வெட்டியது.

ஒருநாள் கைதுடைத்துக்கொண்டு வெளியே வந்த அப்பாவிடம், ழோ தன் நெஞ்சைத் தொட்டுத் தான் யாரென்று சொன்னார்: "முவா, மனூஷ்."

"ஓம், மனுசன்தானே. பின்னை என்ன, ஆடோ மாடோ?" என்ற அப்பா, தன் நெஞ்சையும் தொட்டு, "முவா ஒசி, மனூஷ்" என்றார். நானும்தான் என்று பொருள்.

ழோ திகைத்துப்போனார். தங்கள் பேச்சிலும் அந்தச் சொல்லுக்கு மனிதன் என்றே பொருள் என்று அவர் சொன்னதை நான் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். "அதைத்தானே நானும் சொல்லுறன். ரெண்டும் ஒரே சொல்லுப் பிள்ளை" என்றுவிட்டு அப்பா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்தத் தவணையில் இசை ஆசிரியை 'பாரிஸில் வளர்ந்த ஓர் இசை' என்று 'எக்ஸ்போசே' கொடுத்தார். வகுப்பின் முன் நின்று பேச வேண்டும். முன்வரிசைப் புகழாளர்களை எல்லாப் புத்தகமும் சொல்லும் என்பதால், நான் பொம்ப் அடித்தவர்களைத் தேர்ந்தெடுத்தேன்: இசைத்தட்டின் உறையில் சிறிய எழுத்தில் கிடந்தவர்கள், அண்ணனும் தம்பியுமாய் ஒருவர் கையைப் பார்த்து ஒருவர் பழகியவர்கள், போகும் ஊர்களில் பொலிஸிடம் முத்திரை வாங்க வேண்டிய பயணப் புத்தகத்தைச் சட்டைப் பையில் சுமந்தவர்கள். நன்றாகவே பேசினேன். முடிவில், எழுதி வைக்காத ஒரு வரியைச் சேர்த்தேன்: "மனூஷ் என்பது தமிழ்ச் சொல்."

"இவளைக் கேட்டால் ஈஃபில் கோபுரமும் தமிழர் கட்டியதுதான்!" என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. ஆசிரியை ஆதாரம் கேட்டார். அப்பா சொன்னார் என்றேன்.

"உன் அப்பா மொழி ஆராய்ச்சியாளரா?"

"இல்லை, சமையற்காரர்."

இப்போது வகுப்பு முழுவதுமே சிரித்தது. ஒரு வாரத்தில் ஆதாரம் கொண்டுவராவிட்டால் அந்த வரியை அடித்துவிடும்படி ஆசிரியை சொன்னார். மதிப்பெண் எனக்குப் பொருட்டில்லை. நாலாம் வகுப்போடு படிப்பு நின்றவர் என் அப்பா. அடிபடப்போவது அவருடைய சொல்.

வீட்டில் இதைக் கேட்ட அப்பாவோ, வதிவிட அனுமதிக்காகப் பொபினி அலுவலக வரிசைகளில் பல வருடம் அத்தாட்சிப் பத்திரங்களோடு நின்றவர். "வீட்டுக்கு 'ஜுஸ்திஃபிகத்திஃப்' கேட்டவை, வேலைக்குக் கேட்டவை. இப்ப மனுசன் எண்டதுக்குமோ?" என்றார்.

நூலகத்தின் சொற்பிறப்பு அகராதியைத் தூக்க எனக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. மனூஷ்: அம்மக்களின் ரோமானி மொழியில் மனிதன், அவர்களின் முன்னோர் வட இந்தியாவிலிருந்து கொண்டுவந்த சொல், சமஸ்கிருதத்தின் மனுஷ்யனுக்கு உறவு. தமிழ்ச் சொல் அல்ல. எங்கள் மனுசனும் அந்த வழியாய் வந்தவன்தான். முகம் சுட்டது. பிறகுதான் உறைத்தது: தமிழ்ச் சொல் என்று அப்பா சொல்லவேயில்லை, ஒரே சொல் என்றுதான் சொன்னார். பிழை பள்ளிக்கூடம் போனவளுடையது.

மறுவாரம் வகுப்பில் அதையே சொன்னேன்: என் வரி தவறு, அப்பாவின் வரி சரி. ஆதாரப் பட்டியலை வாசித்தேன். முதலாவது அப்பாவின் பெயர், தொழில் சமையல். இரண்டாவது ழோ, தொழில் கிட்டார். அகராதி மூன்றாவது.

"அகராதி அல்லவா முதலில் வரவேண்டும்?" என்றார் ஆசிரியை.

"அது கடைசியாகத்தான் சொன்னது, மதாம்."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பட்டியலில் அவர் கைவைக்கவில்லை. அகராதியின் தீர்ப்பை வீட்டில் சொன்னபோது அப்பா கேட்டது இதுதான்: "புத்தகம் இப்பதான் கண்டுபிடிச்சதோ?"

இன்று அந்த கஃபே இருந்த இடத்தில் கைபேசி விற்கிறார்கள். மச்சான் இறந்தபின் ழோ அல்சாஸ் பக்கம் உறவினரிடம் போய்விட்டார். பயணப் புத்தகச் சட்டமும் ஒழிந்தது. எங்கள் குடும்பத்தில் முதன்முதல் பல்கலைக்கழகம் போனவளான நான், அங்கே இந்த இசையின் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். பழைய இசைத்தட்டுகள் எல்லாம் காப்பகங்களில் கிடைக்கின்றன. அந்தப் புதன்கிழமைகளை மட்டும் யாரும் பதிவு செய்யவில்லை. அவற்றைப் பற்றி எழுதிய பக்கத்தின் கீழே, ஆதாரம் என்ற இடத்தில், என் பெயரை எழுதியிருக்கிறேன்.