ஷாங்காய்க்குப் போன ரசப்பொடி டப்பா

என் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் ஒரு எவர்சில்வர் டப்பா இருக்கிறது. அதன் மேல் ஒட்டிய வெள்ளைச் சீட்டில் நீல மையில் ‘ரசப்பொடி’ என்று எழுதியிருக்கிறது. எழுத்து என் அண்ணியுடையது. காரைக்காலில் ஒரு மருந்துக் கடையில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் எதைக் கண்டாலும் சீட்டு ஒட்டிவிடுவார். உப்பு ஜாடியில் ‘உப்பு’ என்று எழுதி ஒட்டிய ஒரே வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும். டப்பா வெறுமையாகக் கிடக்கிறது. ஊரிலிருந்து வரும்போதெல்லாம் என் மகள், “இடத்த அடைச்சிக்கிட்டு இருக்கே, எதையாச்சும் கொட்டி வையேம்மா” என்று சொல்கிறாள். சரி என்று தலையாட்டிவிட்டு அதை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைக்கிறேன். இந்த டப்பா ஷாங்காய் வரைக்கும் போய்வந்தது. அண்ணி அங்கே போனது ஊர் சுற்றிப் பார்க்க என்றுதான் இன்றைக்கும் எங்கள் ஊரான கோவில்பத்தில் பேச்சு.

என் அண்ணன் சரக்குக் கப்பலில் பிட்டராக இருந்தான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை. ஷாங்காய் துறைமுகத்துக்கு வெளியே, ஆறு கடலில் சேரும் இடத்தில் நங்கூரம் போட்டு நின்ற கப்பலில், ஒரு நாள் விடிந்து பார்த்தபோது அவன் இல்லை. தேடினார்கள், கிடைக்கவில்லை என்று கம்பெனியிலிருந்து வந்தவர் சொன்னார். அண்ணி நின்ற இடத்திலேயே நின்றார். அம்மாதான் பேசினார். “ஒடம்பக் காட்டுங்க, நம்புறேன்” என்றார். தன் மகன் அரசலாற்றில் எதிர்நீச்சல் போட்டவன், எங்கேயோ கரையேறியிருப்பான், என்றைக்காவது வாசலில் வந்து நிற்பான் என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். அந்த முடிவை அவர் சாகும்வரை ஒருவராலும் அசைக்க முடியவில்லை.

அதனால் அண்ணனுக்குத் துக்கப் பூசை வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குக் கிளம்பும்போது அம்மா தன் கையாலேயே அண்ணி தலையில் மல்லிகைப் பூ வைத்துவிடுவார். கழுத்துத் தாலி கறுத்தால் புளி போட்டு விளக்கித் தருவார். இதெல்லாம் பாசம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பாசத்தைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் கோபமாக வரும். நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தால் ஊரே கல்லறைத் தோட்டத்தில் இருக்கும். புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, பூப் போட்டு, ஒவ்வொரு கல்லறையிலும் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். வேற்றூரில் புதைந்தவர்களுக்கும் கடலோடு போனவர்களுக்கும் நடுவில் இருக்கும் பெரிய சிலுவையடியில் ஏற்றுவது வழக்கம். அண்ணி ஒரே ஒரு தடவை அந்தச் சிலுவையடிக்கு ஒரு மெழுகுவத்தி எடுத்துவைத்தார். அம்மா அதைப் பிடுங்கி அடுப்பில் போட்டார். “உசுரோட இருக்குறவனுக்கு மெழுகுவத்தி ஏத்துவாளா ஒருத்தி?” என்றார். அதன்பிறகு கல்லறைத் திருநாளன்று நாங்கள் எல்லோரும் போவோம், அண்ணி மட்டும் வீட்டில் இருந்து சமைப்பார். நாங்கள் திரும்பும்போது குழம்பு கொதிக்கும் வாசனை தெருவரைக்கும் வரும்.

அண்ணியைக் கூட்டிப் போகத் தலத்தெருவிலிருந்து அவருடைய அப்பா பலமுறை வந்தார். அண்ணி போகவில்லை. ஏன் அண்ணி என்று கேட்டால், “அத்தைய யாரு பாத்துக்குறது?” என்பார். நான் கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவிலேயே இருந்தேன், மின்துறை அலுவலகத்தில் வேலை. நான் பார்த்துக்கொள்ள மாட்டேனா என்ன? அது வெறும் சாக்கு என்று அப்போது நினைத்தேன். மனைவியாகவும் இல்லாமல் கைம்பெண்ணாகவும் இல்லாமல் அவர் நின்ற இடத்தைப் புரிந்துகொண்ட இன்னொரு ஆள் உலகத்தில் உண்டென்றால் அது என் அம்மாதான். அதனால்தான் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விடவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

அம்மா இறந்தபோது குழியில் பெட்டியை இறக்கி, சாமியார் தீர்த்தம் தெளித்து, எங்களை மண் போடச் சொன்னார். எங்கள் பக்கம் சாவுக்கு வந்தவர்கள் ஒரு பிடி மண் போடாமல் திரும்ப மாட்டார்கள். சண்டை போட்டுப் பேச்சு வார்த்தை இல்லாதவர்கள்கூட அதற்கு மட்டும் வந்துவிடுவார்கள். அண்ணி போட்டுவிட்டு நகராமல் நின்றார். கையில் ஒட்டிய மண்ணைத் தட்டவே இல்லை. வீட்டுக்கு வந்து கைகால் கழுவும்போதுதான் என்னிடம் சொன்னார், “அத்தைக்குப் போட்டாச்சு பாப்பா. அவருக்குத்தான் ஒரு பிடி மண்ணு நம்ம யாருமே போடல.”

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும், “நான் ஷாங்காய் பாக்கணும்” என்றார். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். வேளாங்கண்ணிக்குப் போகவே பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால்தான் ஏறுவார், இவர் சைனா போகிறாராம் என்று கிண்டல். கும்பகோணத்தில் ஒரு டூர்க்காரர் நான்கு நாள் ஷாங்காய் கூட்டிப்போவதாகச் சொன்னார். துணைக்கு நான் கிளம்பினேன். எதற்காகப் போகிறார் என்று ஊகித்திருந்தேன், ஆனால் வாய்விட்டுக் கேட்கவில்லை. எங்கள் கூட்டத்தில் பாதிப்பேர் ஜவுளிக்கடைக்காரர்கள், மீதிப்பேர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். சைனாவில் பாம்பைத்தான் போடுவார்கள் என்ற பயத்தில் ஆளாளுக்குப் பெட்டி நிறையப் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஊறுகாய். அண்ணி பெட்டியிலும் வரிசையாக டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் சீட்டு.

ஷாங்காய் விமான நிலையத்தில் அந்தப் பெட்டியைத்தான் ஓரமாக ஒதுக்கினார்கள். சீருடை போட்ட ஒரு பெண் ரசப்பொடி டப்பாவைக் கையில் எடுத்து, இது என்ன என்று கேட்டாள். எங்கள் டூர் மேனேஜர் தம்பி நல்ல பிள்ளை, வாய் கொஞ்சம் அதிகம். சீட்டைப் படித்துவிட்டு, இது சூப்புக்குப் போடும் பொடி, வாசனையாக இருக்கும், முகர்ந்து பாருங்கள் என்று இங்கிலீஷில் உபசாரம் செய்தார். அந்தப் பெண் மூடியைத் திறந்து முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். அப்படியே எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள். உள்ளே மண். அம்மாவின் கல்லறையிலிருந்து எடுத்த மண். “என்னக்கா இது? ரசப்பொடின்னு சொன்னேனே, மண்ணா இருக்கு!” என்று மேனேஜர் தலையில் கை வைத்தார். பின்னால் நின்ற ஜவுளிக்கடைக்காரர் சிரித்தே விட்டார். சாமி மண் போலிருக்கிறது என்று ஒரு டீச்சர் சமாதானம் சொன்னார். வெளிநாட்டு மண் உள்ளே வரக்கூடாதாம். அந்தப் பெண் டப்பாவைத் தொட்டியில் கவிழ்த்தாள், அடியில் தட்டினாள், துணியால் துடைத்து, இரண்டு கையாலும் மரியாதையாகத் திருப்பித் தந்தாள். அண்ணி வாங்கிக்கொண்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதற்கப்புறம் மூன்று நாளும் ஊர் சுற்றினோம். சின்னக் கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடும் ஒரு சீனத்துப் பெண்ணின் பின்னால் நாங்களும் ஓடினோம். மேகத்துக்குள் தலை போன கோபுரத்தில் ஏறி, கண்ணாடித் தரையில் நின்று கீழே பார்த்தோம். எறும்பு ஊர்வது போலக் கார்கள். வளைந்து வளைந்து போகும் பாலம் உள்ள பழைய தோட்டத்தைப் பார்த்தோம். பட்டுக் கடைக்குள் தள்ளி, வாங்குகிற வரையில் விடமாட்டோம் என்பது போல நின்றார்கள். எந்தக் கடையில் தண்ணீர் கேட்டாலும் வெந்நீர்தான். அண்ணி எல்லாவற்றுக்கும் வந்தார், போட்டோவுக்கும் நின்றார். ஆனால் கோபுரத்து உச்சியில் மற்றவர்கள் கட்டடங்களைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் ஆற்றை மட்டும் பார்த்தார். மண் நிறத்தில் அகலமாக வளைந்து போகும் ஆறு. அதில் ஒன்றன்பின் ஒன்றாகப் படகுகள். “எந்தப் பக்கமா கடலு?” என்று கேட்டார். கொடிப்பெண் கை காட்டினாள். அந்தத் திசையில் ஒரே மூட்டம்.

அன்று ராத்திரி ஓட்டல் அறையில், “போனது போச்சுங்க அண்ணி, ஒரு ஜெபம் சொல்லிட்டு வந்துரலாம்” என்றேன். அண்ணி கட்டிலில் உட்கார்ந்து வெறும் டப்பாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். “வெறுங்கையோட எப்படிப் போறது பாப்பா” என்றார். இத்தனை வருஷம் அண்ணி அழுது நான் பார்த்ததில்லை. அழக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தார், உயிரோடு இருப்பவனுக்காக யாரும் அழுவார்களா என்று. அந்த அறையில் அழுதார். பக்கத்து அறைக்காரர்கள் எழுந்துகொள்வார்களோ என்ற எண்ணம்கூட எனக்கு வரவில்லை, அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடைசி நாள் சாயங்காலம் ஆற்றங்கரையில் இறக்கிவிட்டு, கடைகளைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார்கள். கரையெல்லாம் கல் பாவி, நீளத்துக்குப் பூப்பாத்தி. சாமந்திப் பூ. அண்ணி நடந்துகொண்டே இருந்தவர் திடீரென்று நின்றார். “ஏன் பாப்பா, அத்தைக்கு நம்ம போட்டது எந்த மண்ணு?” என்று கேட்டார். “கல்லறைத் தோட்டத்து மண்ணுதான்” என்றேன். “அதான். குழியில வெட்டுன மண்ணத்தான திரும்பக் குழியில போடுறோம்? வேற ஊரு மண்ண யாரு போடுறா? அவரு கெடக்குறது இந்த ஊருல. இந்த ஊரு மண்ணத்தான் போடணும். நான் பாரு, புத்தி கெட்டுப்போயி அங்கேருந்து அள்ளிக்கிட்டு வந்தேன்.” சொல்லிவிட்டு, புடவையை இழுத்துச் செருகிப் பாத்தியோரம் குந்தி, டப்பாவைத் திறந்து மண்ணை அள்ளத் தொடங்கினார்.

அங்கே பெருக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் சத்தம் போட்டபடி ஓடிவந்தாள். போலீசைக் கூப்பிட்டுவிடுவாளோ என்று எனக்குப் பயம். அண்ணி எழுந்திருக்கவில்லை. தாலியை எடுத்துக் காட்டினார். ஆற்றைக் காட்டினார். பிறகு ஒரு பிடி மண்ணை எடுத்து, குழியில் போடுவது போலக் கையைக் கவிழ்த்துக் காட்டினார். அந்த அம்மாளின் சத்தம் நின்றது. அவளுக்கு எவ்வளவு விளங்கியதோ எனக்குத் தெரியாது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி, வேறு பக்கம் பெருக்கப் போய்விட்டாள்.

அக்கரைக்குப் போகும் படகில் ஏறினோம். ஸ்கூட்டர், சைக்கிள், காய்கறிப் பை என்று வேலை விட்டு வீடு திரும்புகிறவர்கள். எங்களை யாரும் கவனிக்கவில்லை. நடு ஆற்றுக்கு வந்ததும் அண்ணி கம்பியோரம் போனார். கடல் இருக்கும் திசைக்குத் திரும்பி, ஒரு பிடி மண்ணை எடுத்துத் தண்ணீரில் போட்டார். “நித்திய இளைப்பாற்றியை அவருக்கு அளித்தருளும் ஆண்டவரே” என்று கோயிலில் சொல்வதை, கோயிலில் சொல்லும் அதே குரலில் சொன்னார். என் கையிலும் ஒரு பிடி வைத்தார். நானும் போட்டேன். அண்ணனுக்கு முப்பது வருஷம் கழித்து நாங்கள் இரண்டு பேர்தான் சாவுக்கு வந்திருந்தோம். நான் விக்கி விக்கி அழுதேன், அண்ணி அழவில்லை. டப்பாவில் பாதி மண் மிச்சம் இருந்தது. அதையும் போட்டுவிடலாம் என்று கை நீட்டினேன். அண்ணி மூடியை அழுத்தி மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார். “இது இருக்கட்டும்” என்றார்.

திரும்பும்போது அந்த டப்பாவை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. ஊருக்கு வந்த முதல் ஞாயிறு, அண்ணி தாலியும் பூவும் இல்லாமல் பூசைக்கு வந்தார். கோயிலில் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வருஷக் கல்லறைத் திருநாளுக்கு எல்லோருக்கும் முன்னால் போய், அம்மாவின் கல்லறையில் ஒன்றும் பெரிய சிலுவையடியில் ஒன்றுமாக மெழுகுவத்தி ஏற்றினார். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சமைக்கவில்லை, ஓட்டலில்தான் சாப்பாடு. சாம்பார் வாயில் வைக்க விளங்கவில்லை, ஆனாலும் அண்ணி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

போன மழைக்காலத்தில் அண்ணிக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. படுக்கையில் விழுந்த பிறகு ஒரு நாள் என்னைக் கிட்டே கூப்பிட்டு, “ரசப்பொடி டப்பா எங்க இருக்குன்னு தெரியும்ல?” என்றார். தெரியும் என்றேன். “எனக்கு எல்லாரும் வந்து மண்ணு போடுவீங்க. கட்டுனவரு போட வேணாமா? அவரு பங்கத்தான் அங்கேருந்து எடுத்துக்கிட்டு வந்தேன். நீ அவரு தங்கச்சி, அவருக்காக நீ போடு.” அப்படியெல்லாம் பேசாதீங்க அண்ணி என்றுதான் எல்லோரையும் போல நானும் சொன்னேன். அவர் சிரித்தார்.

அண்ணியை அடக்கம் செய்த அன்று மழை விட்டிருந்தது. அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்திலேயே குழி. வந்தவர்கள் வரிசையாக வந்து ஈர மண்ணைப் போட்டார்கள். மருந்துக் கடை முதலாளி போட்டார், தலத்தெருக்காரர்கள் போட்டார்கள், நான் போட்டேன். குழி வெட்டியவர் மண்வெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, “இன்னும் யாராச்சும் போட வேண்டியவங்க இருக்காங்களா?” என்று கேட்டார்.

“எங்க அண்ணன் போடணும்” என்று சொல்லி, டப்பாவைத் திறந்தேன்.