கயிற்றுக்கு வெளியே

எண்ணூரில் எங்கள் குப்பத்தில் கூட்டம் என்றால் மணலில் வலைக்கயிற்றை வட்டமாகப் போடுவோம். கடலுக்குப் போகிறவன் உள்ளே உட்காரலாம். மற்றவன் வெளியே நிற்க வேண்டும். உள்ளே இருப்பவனுக்குத்தான் பேச்சு.

அவன் என் தோஸ்து. பட்டாளத்தில் சிப்பாயாகச் சேர்ந்து கேப்டனாகத் திரும்பியவன். காலில் குண்டு பட்டதால் படகு ஏற முடியாது. ஆனால் ஆற்று முகத்துவாரத்தில் ஒரு அனல்மின் கம்பெனி சாம்பல் கழிவைக் கொட்டக் குழாய் போட வந்தபோது அவன்தான் முன்னால் நின்றான். மனு எழுதினான். பயந்து ஓடிய எங்களை வரிசையில் நிற்க வைத்தான். போலீஸ்காரர்களே அவனுக்குச் சல்யூட் அடித்தார்கள். எட்டு மாதம் குழாய் வேலை நடக்கவில்லை.

கலெக்டர் பேசக் கூப்பிட்டார். யார் போவது என்று கூட்டம் போட்டோம். அவன் தேய்த்த சட்டையில், பேப்பர் கட்டோடு வந்தான். கயிற்றைத் தாண்டக் காலைத் தூக்கினான்.

"இன்னா கேப்டன், உள்ள வர்ற? கடல்ல எறங்காத காலுக்கு இங்க இன்னா வேல?" என்றார் ஒரு பெரியவர்.

"கரையில நின்னு சல்யூட் அடி நைனா, போதும்" என்றான் இன்னொருத்தன். எல்லோரும் சிரித்தார்கள்.

அவன் என்னைப் பார்த்தான். நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மணலைப் பார்த்தேன். அவன் காலைப் பின்னால் வைத்தான்.

கலெக்டரிடம் போன மூன்று பேருக்கும் பேசத் தெரியவில்லை. திங்கள் விடிந்ததும் படகுகளைக் குறுக்கே கட்டி முகத்துவாரத்தை மறிப்பது என்று முடிவெடுத்தோம். குப்பத்துக்கு மட்டும்தான் தெரியும். திங்கள் காலை எங்கள் படகுகளுக்கு முன்னால் போலீஸ் நின்றது. குழாய் இறங்கியது.

அவனிடம் போய்க் கேட்டேன். மறைக்கவில்லை.

"நான்தான்டா கம்பெனியாண்ட போய்ச் சொன்னேன்."

"எவ்ளோ வாங்கின?"

"ஒரு டீ கூடக் குடிக்கல. போனதும் சேர் போட்டு, ஒக்காருங்க கேப்டன்னான். ஒக்காந்தேன். சொல்லிட்டேன்."

குப்பம் அவனை ஒதுக்கி வைத்தது. வியாசர்பாடிக்குக் குடிபோனான். போன மழையில் அங்கேயே செத்தான். யாரும் போகக் கூடாது என்றார்கள். நான் போகவில்லை.

ஆற்றில் இப்போது சாம்பல்தான். இறால் இல்லை. கூட்டத்தில் அவன் பேச்சு வந்தால், காசுக்கு வித்துட்டான் என்கிறார்கள். அந்தச் சேர் விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும். உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறேன். மணலைப் பார்க்கிறேன்.