கப்பலில் ஏறி ஊர் தேடினேன்

போன செவ்வாய்க்கிழமை ஒரு கிரேக்கக் கப்பல் தேயிலை ஏற்ற வந்தது. பேப்பர்களோடு ஏறினேன். துறைமுகக் கிளாக்கருக்கு அதுதானே வேலை? கையெழுத்து வாங்கியதும் என் சொந்த விசாரணையைத் தொடங்கினேன் — "உங்கள் ஊர் ஒரு எழுத்தாளன் வந்து இருக்கத் தோதான ஊரா?"

எந்த எழுத்தாளன் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். வாராவாரம் இந்தப் பத்தியில் என்னைச் சகித்துக்கொள்பவர்கள் அல்லவா...

விஷயம் இதுதான். என்னோடு படித்த சிநேகிதன் ஜேர்மனியிலிருந்து எழுதியிருந்தான். ஐரோப்பாவுக்கு வந்தால் நிம்மதியாக நாவல் எழுதலாமாம். எந்த நகரம் என்று மாத முடிவுக்குள் சொன்னால் அறை பார்ப்பானாம். நாவலா? பத்து வருடமாக முதல் அத்தியாயத்தில் நிற்கிற நாவல் அது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

திருகோணமலைக்காரன் வேறு எங்கே போய் விசாரிப்பான்? முன்பு வந்த கப்பல்களில் டென்மார்க் மாலுமி ஒருவன் சொன்னதில், குளிர் மாரியில் பின்னேரம் மூன்றரைக்கே இருட்டிவிடுமாம். என் பட்டியலிலிருந்து வெட்டினேன். இத்தாலிக்காரன் ஒருவன், தன் ஊரில் எல்லாருமே கலைஞர்கள் என்றான். அதையும் வெட்டினேன்.

கிரேக்கக் கப்பலின் சமையல்காரர் ஓய்வு நேரத்தில் மரத்தில் உருவங்கள் செதுக்குகிறவர். தன் தீவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, "உன் ஊர் எப்படி?" என்றார். விடுவேனா? பின்னேரக் கடற்காற்று, கோட்டைக்குள் திரியும் மான்கள், புட்டும் மீன்குழம்பும்... மூச்சு விடாமல் சொன்னேன். மனுஷன் குறித்துக்கொள்ளக் கொப்பியை எடுத்தார். அடுத்த வருடம் பென்ஷனாம். செதுக்குவதற்கு ஓர் அமைதியான ஊர் தேடுகிறாராம்.

"நீ போனால் உன் வீடு வாடகைக்குக் கிடைக்குமா?"

வீட்டுக்கு வந்து இதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னேன். குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த என் மனைவி ஸ்டெல்லா சிரிக்கவில்லை.

"வீட்டை அவருக்குக் குடுக்கலாம். நானும் பிள்ளையும் எங்க இருக்கிறது? அதையும் கேட்டனீங்களோ?"

"நான் முதல்ல போய்ப் பாத்திட்டு..."

"ஓம். கப்பல்ல திரியிற ஆக்களும் வீட்டில அப்பிடித்தான் சொல்லிப்போட்டு வந்திருப்பினம்."

துருவுவதை அவள் நிறுத்தவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்று வாரமாக ஐரோப்பா முழுவதையும் விசாரித்தவன், இவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே? கதிரையை இழுத்துக் குசினி வாசலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

"நீர் என்ன சொல்லுறீர்?"

கொஞ்சம் யோசித்தாள். "எனக்கும் ஊர் பார்க்க ஆசைதான். முதல்ல ரெண்டாம் அத்தியாயத்தை எழுதுங்கோ. அதுக்குக் கப்பல் தேவையில்லைத்தானே?"

சிநேகிதனுக்குப் பதில் போட்டுவிட்டேன் — அறை வேண்டாம், மூன்று பேர் இருக்கக்கூடிய வீடாகப் பார். அவசரமில்லை, இரண்டாம் அத்தியாயம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.